ஓட்டமும் காப்பும்: பழைய ஸ்போட்ஸ் கார்கள் எழுப்பும் ஓர் அறவினா

முன்னோர் ஆக்கிவைத்த பொருள்களைப் பேணுதல் பின்வந்தோரின் கடன் என்பதை மறுப்பார் இலர். ஆயின், பேணுதல் என்றால் யாது என்ற வினாவுக்கு எல்லாப் பொருள்களையும் தழுவிய ஒரே விடை கிடையாது. ஒரு கற்சிலையை மழையினின்றும் மனிதர் கையினின்றும் விலக்கி வைத்தால் அதனைப் பேணியவராகின்றோம். ஓர் ஏட்டுச்சுவடியைச் செல்லரிக்காது காத்து வைத்தால் அதனையும் பேணியவராகின்றோம். காண்பதற்கென ஆக்கப்பட்டது காணத்தக்க நிலையிலும், படிப்பதற்கென ஆக்கப்பட்டது படிக்கத்தக்க நிலையிலும் இருந்தாற் போதும். ஓடுவதற்கென ஆக்கப்பட்ட பொருளை எவ்வாறு பேணுவது? ஓடாது நிறுத்தி வைத்தால் அதன் உருவம் எஞ்சும், தொழில் அழியும். ஓடவிட்டால் தொழில் எஞ்சும். உறுப்புகள் தேயும், சிலவேளை உருவமே சிதையும். இவ்விரண்டில் எதனை இழக்க நாம் உரிமையுடையோம்?

இது தத்துவ மாணவனின் கற்பனையிற் பிறந்த வினா அன்று. இங்கிலாந்திற் பழைய ஸ்போட்ஸ் கார்களை வைத்திருப்போர், தமது கழகங்களின் வருடாந்தக் கூட்டங்களிலும், பந்தயத் தடங்களில் நடைபெறும் ஓட்ட நாள்களிலும் இவ்வினாவைத் தம் கைகளாலும் கால்களாலும் எதிர்கொள்கின்றனர். செல்வர் சிலரின் பொழுதுபோக்கு என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. எனினும், பொருளுக்கும் மனிதனுக்கும் இடையிலான கடப்பாடு பற்றிய வினா இங்கு எழுவதுபோலக் கூர்மையாக எழும் இடங்கள் சிலவே. ஆதலின் அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இக்கூட்டங்களின் இயல்பை அறிதல் வேண்டும். எம்.ஜி. கார்க் கழகம் 1930இலும், பழம் ஸ்போட்ஸ் கார்க் கழகம் 1934இலும், பென்ற்லி ஓட்டுநர் கழகம் 1936இலும் தோன்றின. தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் புதுப்புது மொடல்களை வெளியிட்டுப் பழையவற்றைக் கழிவுப் பொருளாக்கிக் கொண்டிருந்த காலத்திலேயே, பழையனவற்றிற் சிறந்தவை கழிந்துபோகலாகாது என்று கருதியோர் ஒன்றுகூடினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இவர்களுக்கு எதிர்பாராத வாய்ப்பொன்று வாய்த்தது. போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட விமானத்தளங்கள் பல வெறுமையாகக் கிடந்தன. அவற்றின் ஓடுபாதைகளும் சுற்றுவீதிகளும் பந்தயத் தடங்களாயின. சில்வர்ஸ்ரோன், குட்வூட், காசில் கோம்ப் ஆகிய மூன்றும் இவ்வாறு பிறந்தவையே. களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை விமானத்தளம் மோட்டார்ப் பந்தயத் தடமாகவும் பயன்பட்டமையை அறிந்த இலங்கையர்க்கு இவ்வரலாறு வியப்பளிக்காது. குட்வூட் தடம் 1948இல் திறக்கப்பட்டு 1966இற் பந்தயங்களுக்கு மூடப்பட்டது. 1998இல் மீண்டும் திறக்கப்பட்டு, முன்னர் அங்கு ஓடிய காலத்துக் கார்களுக்கே உரிய வருடாந்த விழாவொன்று தொடங்கப்பட்டது.

கூட்டம் நடைபெறும் நாளிற் காலையில் ஒரு புல்வெளியிற் கார்கள் நிரைநிரையாக நிற்கும். முன்மூடிகள் திறந்திருக்கும். ஒவ்வொரு காரின் அருகிலும் இருவர் மூவர் குனிந்து நின்று உரையாடிக் கொண்டிருப்பர். எரிகலப்பி எங்கே பழுதுபார்க்கப்பட்டது, கம்பிச் சில்லின் ஆரங்களை இறுக்குபவர் இன்னும் எவர் உளர், பொருந்தும் ரயர் எங்கே கிடைக்கும் என்பனவே பேச்சின் பொருள். விலையுயர்ந்த பென்ற்லிகளும் புகாட்டிகளும் மட்டுமே இங்கு வருவன என்று எண்ணலாகாது. எம்.ஜி. மிட்ஜெற், ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் போன்ற, நடுத்தர வருமானத்தவர்க்கென ஆக்கப்பட்ட சிறு கார்களே பல கழகக் கூட்டங்களிற் பெரும்பான்மையாகும்.

தடத்தில் ஓடும் நாள் பந்தய நாள் அன்று. வேகத்தைக் கணித்து வெற்றி தோல்வி அறிவிப்பதில்லை. ஓட்டுவோர் அனைவரும் காலையில் அறிவுறுத்தற் கூட்டத்திற் கலந்துகொள்ளல் வேண்டும். எக்கொடி எதனைக் குறிக்கும், எப்பகுதியில் மற்றவரை முந்தலாம், எப்பக்கத்தால் முந்தலாம் என்பன அங்கு விளக்கப்படும். பின்னால் வருபவர் முந்துவதாயின் முன்னால் உள்ளவரின் இசைவு வேண்டும். அனுபவத்துக்கேற்ப ஓட்டுவோரைப் பிரித்துச் சிறு சிறு வேளைகளாகத் தடத்தினுள் விடுவர். புகைக்குழாயின் ஓசை ஒலிமானியால் அளக்கப்படும். எல்லை கடந்த கார் திருப்பி அனுப்பப்படும். வீதிப் பயணத்துக்கு வழங்கப்படும் சாதாரண காப்புறுதி பெரும்பாலும் தடத்துக்குச் செல்லாது. ஆகவே ஒருவர் தம் காரைத் தடத்தினுள் செலுத்தும் கணத்தில் அதன் கேட்டையும் தம் கேட்டையும் அறிந்தே ஏற்றுக்கொள்கின்றார்.

அக்கேடு சிறியதன்று. பழைய கார்களிற் பல பறை வகைப் பிறேக் உடையவை. மீண்டும் மீண்டும் வேகமாக ஓடி நிறுத்தும்போது பறைகள் வெப்பமேறி, பிறேக் பிடிக்கும் ஆற்றல் குன்றிவிடும். எஞ்சினிற் சுழல்தண்டைத் தாங்கும் வெண்ணுலோகத் தாங்கிகள் எண்ணெய் ஒரு கணம் தடைப்பட்டாலும் உருகிப்போகும். அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் வார்த்த இரும்பிற் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு இருத்தல் கூடும். இத்தனையும் அறிந்த ஒருவர் ஏன் ஓட்டவேண்டும்? மெல்லிய துணியால் மூடி, ஈரமற்ற அறையில் நிறுத்திவைத்தால் அப்பொருள் அடுத்த நூற்றாண்டுக்கும் செல்லாதா?

செல்லும் என்பதே காப்பாளர் தரப்பின் வாதம். அது வலிமையுள்ள வாதம் என்பதையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். தொழிற்சாலையில் முதன்முதலிற் பூசப்பட்ட வண்ணம், தையற்காரர் கையால் தைத்த தோல் இருக்கை, தட்டித் தட்டி வளைக்கப்பட்ட அலுமினியத் தகட்டிற் காணப்படும் சுத்தியலின் தடங்கள் ஆகிய அனைத்தும் சான்றுகள். ஒரு காலத்தின் தொழிலாளர் எவ்வாறு உழைத்தனர் என்பதை அவை கூறும். ஒருமுறை அழிந்தபின் அச்சான்றை எக்கைவினைஞராலும் மீளாக்க முடியாது. அவர் ஆக்குவது தம் காலத்தின் சான்றாகவே அமையும். அப்பொருளை இன்று வைத்திருப்பவர் அதன் இறுதி உரிமையாளர் அல்லர். பின்வருவோர்க்குரியதை ஒரு பிற்பகலின் இன்பத்துக்காகத் தேய்ப்பதற்கு அவருக்கு உரிமை யாது?

இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றால் யாது நேரும் என்பதைப் பிரான்சின் மூலூஸ் நகர் காட்டுகின்றது. அங்கு ஆடைத்தொழிற்சாலைகளை நடத்திய ஷ்லும்ப் சகோதரர், நூற்றுக்கு மேற்பட்ட புகாட்டிகள் உட்பட நானூறுக்கு மேற்பட்ட கார்களை வாங்கி, வெளியார் எவரும் காணாவண்ணம் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தினுட் சேர்த்து வைத்தனர். அவர்களது தொழில் நொடித்தபோது 1977இல் தொழிலாளர் அக்கட்டடத்தைக் கைப்பற்றினர். தம் வேலை பறிபோய்க் கொண்டிருக்க, தம் உழைப்பின் பயன் துடைத்து மினுக்கப்பட்ட வண்டிகளாக விளக்குகளின் கீழ் நிரைநிரையாக நின்றமையை அவர்கள் கண்டனர். பின்னர் அத்திரட்டு 1982இல் நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஷ்லும்ப் சகோதரர் கார்களை அழிக்கவில்லை. மிக நன்றாகவே பாதுகாத்தனர். ஆயினும் அவர்கள் பேணினர் என்று கூற நம் நா எழுவதில்லை. ஒரு பொருளை அதன் தொழிலினின்றும் மனிதரினின்றும் ஒருங்கே பிரித்துவிடுவது பேணுதலாகாது, உடைமையின் வெறியே ஆகும் என்பதனை நாம் இயல்பாகவே உணர்கின்றோம்.

மறுதரப்பினர்க்குத் துணைவரத்தக்கவர் அரிஸ்டோட்டில். காணும் ஆற்றலை இழந்த கண் பெயரளவிலேயே கண்ணாகும் என்றும், கல்லிற் செதுக்கிய கண்ணுக்கும் அதற்கும் வேறுபாடில்லை என்றும் அவர் ஆன்மா பற்றிய நூலிற் கூறுவார். ஒவ்வொரு பொருளின் இயல்பும் அதன் தொழிலிலேயே தங்கியுள்ளது என்பது அவர் கொள்கை. இதன்படி, எண்ணெய் வடிக்கப்பட்டு, எஞ்சின் இறுகி, நூதனசாலையில் நிற்கும் கார் பெயரளவிலேயே கார். உண்மையில் அது காரின் சிலை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1920களின் பென்ற்லி ஒன்றில் ஆர்முடுக்கி நடுவிலும் பிறேக் வலப்புறத்திலும் அமைந்திருக்கும். கியர்ப் பெட்டியிற் பற்சில்லுகளின் வேகத்தைத் தானாக ஒத்திசைக்கும் அமைப்புக் கிடையாது. கீழ்க்கியருக்கு மாற்றுவதாயின் ஓட்டுநர் கிளச்சை அழுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கிளச்சை விடுவித்து, எஞ்சினின் வேகத்தைச் சற்றே உயர்த்தி, மீண்டும் கிளச்சை அழுத்திக் கியரை இடல் வேண்டும். வேகம் சரியாயிற்றா என்பதைச் செவியே கூறும். இவ்வறிவு அந்த இரும்பினுள் இல்லை. எழுத்தாலும் முற்றாக இதனை வழங்கமுடியாது. ஓட்டத் தெரிந்தவர் அருகிலிருந்து ஓட்டத் தெரியாதவருக்குக் கற்பிக்கும்போது மட்டுமே அது கைமாறுகின்றது. கார் நின்றுவிட்டால் ஒரு தலைமுறைக்குள் அவ்வறிவு மறையும். கூத்தேட்டைப் பெட்டியிற் பூட்டிவைத்தால் ஏடு வாழும், கூத்து வாழாது என்பதை இவ்வேட்டின் வாசகர்க்குச் சொல்லவேண்டியதில்லை.

இங்கே ஒரு தடை எழுகின்றது. ஓடும் பொருள் தேயும். தேய்ந்த உறுப்பை மாற்றல் வேண்டும். மாற்றிக்கொண்டே போனால் இறுதியில் எஞ்சுவது பழைய பொருள்தானா? அதே பொருள் எஞ்சவில்லையெனின் ஓட்டிப் பேணினோம் என்பது வெற்றுரையாகும். இத்தடை மிகப் பழையது. தீசியசின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல நூற்றாண்டுகள் பேணினர் என்றும், உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினர் என்றும், அது அதே கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதியுள்ளார். பதினேழாம் நூற்றாண்டில் ஹொப்ஸ் இதற்கு மேலுமொரு சிக்கலைச் சேர்த்தார்: கழித்த பலகைகளை ஒருவர் சேகரித்து மற்றொரு கப்பலைக் கட்டினால் இரண்டில் எது தீசியசினது? பழைய கார் உலகில் இது கதையன்று. ஒரே அடிச்சட்டக இலக்கத்துக்கு இரு கார்கள் உரிமை கோருவது அங்கு வழக்குமன்றம்வரை செல்லும் விடயம்.

பாளி நூலாகிய மிலிந்தபஞ்ஹவிலே இவ்வினா ஒரு தேரைக்கொண்டே எழுப்பப்படுகின்றது. தேரேறி வந்த மிலிந்த மன்னனை நோக்கி நாகசேனர், அச்சுத்தான் தேரா, சில்லுத்தான் தேரா, நுகந்தான் தேரா என்று ஒவ்வோர் உறுப்பாக வினவுகின்றார். எதுவும் தேரன்று என்று மன்னன் விடையளிக்கின்றான். உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் வழக்குப் பெயரே தேர் என்பதும், மனிதனும் அத்தகையவனே என்பதும் அவ்வுரையாடலின் முடிபு. நிலையான சாரம் பொருளில் இல்லை என்ற அளவில் நாகசேனரின் கூற்று நமக்குப் பெரிதும் உதவுகின்றது. ஆயினும், சாரம் இல்லாதவிடத்தும் ஒரு தேரை மற்றொரு தேரினின்றும் வேறுபடுத்தி அறிகின்றோமே, அவ்வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

இவ்வினாவுக்கு 1990இல் ஆங்கில நீதிமன்றம் ஒன்று விடையளிக்க நேர்ந்தது. பழைய முதலாம் இலக்கம் எனப் பெயர்பெற்ற பென்ற்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929இலும் 1930இலும் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. அதன்பின் அதற்கு வேறு எஞ்சினும் உடலும் பொருத்தப்பட்டன. 1932இற் புறூக்லான்ட்ஸ் தடத்தில் அது சரிவின் விளிம்பைக் கடந்து விழுந்து கிளைவ் டன்பீ உயிரிழந்தார். பின்னர் மீண்டும் கட்டப்பட்டு, பல கைகள் மாறிற்று. 1990இல் ஒரு கோடி பவுண் பெறுமதிக்கு அதனை வாங்க உடன்பட்ட நிறுவனம், இது அந்தக் கார் அன்று எனக் கூறிப் பணம் செலுத்த மறுத்தது. 1929இல் வென்ற வண்டியின் உறுப்புகளில் ஏறத்தாழ எதுவுமே எஞ்சவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. எனினும் நீதியரசர் ஒற்றன், அது தன் வரலாறு அறுபடாது தொடர்ந்துவந்த ஒன்று என்றும், அப்பெயருக்கு உரிமைகோரத்தக்க கார் வேறொன்றும் இல்லை என்றும் கண்டு, அதுவே உண்மையான பழைய முதலாம் இலக்கம் எனத் தீர்த்தார். உறுப்பின் ஒருமையன்றி வரலாற்றின் தொடர்ச்சியே பொருளின் அடையாளம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு நேர்மாறான நிகழ்வொன்றையும் ஒப்புநோக்கலாம். 1957இல் ஜகுவார் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் எக்ஸ்.கே.எஸ்.எஸ். மொடல் கார்கள் ஒன்பது எரிந்தழிந்தன. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின், 2016இல், அவ்வொன்பதையும் மீண்டும் ஆக்கப்போவதாக ஜகுவார் நிறுவனம் அறிவித்து ஆக்கியும் காட்டிற்று. எரிந்த கார்களுக்கென ஒதுக்கியிருந்த அடிச்சட்டக இலக்கங்களையே புதியனவற்றுக்கு இட்டது. உருவத்திலும் அளவிலும் பழையனவற்றைக் கூர்ந்து பின்பற்றியவை அவை. ஆயினும் அவற்றைக் காண்பவர், அழகிய கார், பழைய கார் அன்று என்றே கூறுவர். பென்ற்லியில் உறுப்புகள் மாறியும் அடையாளம் தொடர்கின்றது. ஜகுவாரில் உருவம் ஒத்திருந்தும் தொடரவில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாதெனின், முதலாவதில் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையதன் அருகில் ஒரு மனிதர் நின்று, அதனைக் கையிலேந்தி, அதற்கு வேண்டியதைச் செய்தார். இரண்டாவதில் அறுபது ஆண்டுகள் அப்பொருளுக்கு எவரும் எதுவும் செய்யவில்லை. செய்வதற்கு அப்பொருளே இருக்கவில்லை.

ஆகவே பொருளின் தொடர்ச்சி என்பது உண்மையிற் பராமரிப்பின் தொடர்ச்சியே என்று நான் கருதுகின்றேன். தேர் என்ற வழக்குப் பெயர் உறுப்புகளை மட்டும் சார்ந்து நிற்பதில்லை. அவ்வுறுப்புகளைத் தாங்கிவரும் மனிதர் நிரையையும் சார்ந்து நிற்கின்றது. வெண்ணுலோகத்தை உருக்கித் தாங்கியில் வார்த்துச் சுரண்டிப் பொருத்துபவர், சாம்பல்மரச் சட்டத்தின்மேற் தகட்டை வளைப்பவர், அவற்றின் தேவையைத் தன் செவியால் உணர்ந்து அவர்களிடம் கொண்டுசெல்லும் ஓட்டுநர் ஆகிய அனைவரும் அந்நிரையில் உள்ளனர். கார் ஓடாவிடின் தாங்கி தேயாது. தாங்கி தேயாவிடின் அதனை வார்ப்பவருக்கு வேலையில்லை. அவருக்கு வேலையில்லையெனின் அவர் தம் தொழிலை எவருக்கும் கற்பிக்கார். தேய்வே கைத்தொழிலை வாழவைக்கின்றது. கட்டடங்களைப் பேணுதல் பற்றி 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, பழங்கார்க் கழகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனமும் வண்டிகளின் பயன்பாட்டைக் காப்பின் ஒரு கூறாகவே கொள்கின்றமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இக்கூற்றை உறுதிப்படுத்த நம்மவர் அனுபவம் ஒன்றும் உண்டு. 1958இல் வெளிவந்த ஸ்பிறைற் ஸ்போட்ஸ் காரின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் புதிதாக வடிவமைக்கப்பட்டதன்று; மொறிஸ் மைனரிலும் சிறிய ஒஸ்ரினிலும் இருந்த ஏ வரிசை எஞ்சினே இரு எரிகலப்பிகளுடன் அதிற் பொருத்தப்பட்டது. அதே மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் வாடகைக் கார்களாகவும் குடும்பக் கார்களாகவும் ஓடின. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடையாதொழிந்தது. அவ்வேளையில் யாழ்ப்பாணத்துக் கராச்சுக்காரர் சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். அமுக்கவிகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதற்கு இடங்கொடுத்தன. உதிரிப்பாகம் வராதபோது கடைசல் இயந்திரத்தில் தாமே செய்து பொருத்தினர். அவர்கள் எப்பொருளையும் பேணுவதாக எண்ணவில்லை. நோயாளரை மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்ல வண்டி வேண்டியிருந்தது. எனினும் அவர்கள் பேணினர் என்றே நான் கூறுவேன். தொழிலும் அறிவும் தொடர்ந்தன, உறுப்புகள் மாறின. குட்வூட்டில் விருப்பத்தாற் செய்யப்படுவது யாழ்ப்பாணத்தில் தேவையாற் செய்யப்பட்டது. விருப்பத்தினும் தேவையே பேணுதலுக்கு உறுதியான அடித்தளம் என்பதும் இதனாற் புலனாகின்றது.

இனி, ஓட்டத்துக்கு எதிராக எழும் தடைகளிற் கனதியானவற்றை எதிர்கொள்ளல் வேண்டும். முதலாவது உயிர் பற்றியது. டன்பீ 1932இல் இறந்தமை மேலே கூறப்பட்டது. குட்வூட்டில் 1962இல் நேர்ந்த விபத்தோடு ஸ்ரேர்லிங் மொஸ்ஸின் பந்தய வாழ்வு முடிந்தது. அதே தடத்தில் 1970இல் ஒரு காரைச் சோதித்தோட்டுகையிற் புறூஸ் மக்லாறன் உயிரிழந்தார். 1955இல் லெ மான்ஸில் ஒரு கார் பார்வையாளரிடையே சிதறியதால் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எந்தப் பொருளின் தொழிலும் ஓருயிருக்கு ஈடாகாது என்பதில் ஐயமில்லை. ஆயின் இத்துயரங்களின் பெரும்பகுதி போட்டியினின்றும், உச்ச வேகத்தை நாடும் முயற்சியினின்றும் பிறந்தவை. ஓட்ட நாளின் விதிகள் இவற்றிலிருந்து கற்றவையே: வெற்றி இல்லை, இசைவின்றி முந்துதல் இல்லை, பார்வையாளர் தடத்தினின்றும் விலகியே நிற்பர். அறிந்து ஏற்கும் இடரைத் தன்மேல் மட்டும் சுமத்திக்கொள்பவனுக்கும், அறியாத பிறர்மேற் சுமத்துபவனுக்கும் அறத்தின் முன் பெரும் வேறுபாடுண்டு. அவ்வேறுபாடு காக்கப்படும் அளவுக்கே ஓட்டம் நியாயமாகும்.

இரண்டாவது தடை சூழல் பற்றியது. பொழுதுபோக்கிற்காக எரிபொருளை எரிப்பது இக்காலத்தில் தகுமா என்ற வினா நேரிது. ஆண்டிற் சிலநாள் மட்டும் ஓடும் சில கார்களின் புகை சிறிது என்று கூறித் தப்புதல் நன்றன்று. ஒவ்வொருவரும் தம் பங்கு சிறிது என்றே கூறுவர். இங்கும் பராமரிப்பின் தொடர்ச்சி என்ற கருத்தே வழிகாட்டுகின்றது. ஈயம் கலந்த பெற்றோல் மனிதர்க்குக் கேடு என அறியப்பட்டதன் விளைவாகப் பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அதன் பொது விற்பனை நிறுத்தப்பட்டபோது, ஈயத்தை நம்பியிருந்த பழைய எஞ்சின்களுக்குக் கடினமான வால்வு இருக்கைகள் பொருத்தப்பட்டன, கார்கள் அழியவில்லை. 2024இற் குட்வூட் மீளெழுச்சி விழாவின் பந்தயங்கள் அனைத்தும் நீடித்துநிலைக்கத்தக்க எரிபொருளிலேயே ஓடின. உறுப்பு மாறலாம் என்று ஏற்றுக்கொண்டவர்க்கு எரிபொருள் மாறலாம் என்பதை ஏற்பது அரிதன்று. பழையதை உயிரோடு வைத்திருப்பவர் தம் காலத்தின் கடப்பாடுகளுக்கும் உட்பட்டவரே.

மூன்றாவது தடை செல்வம் பற்றியது. ஒரு காருக்கு ஒரு கோடி பவுண் விலை கூறப்படும் உலகம் அறத்தைப் பற்றிப் பேசலாமா? பேசலாம், ஆனால் அவ்விலையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திப் பேசல் வேண்டும். விலை ஏற ஏற உரிமையாளர் ஓட்ட அஞ்சுகின்றார். கார் இருட்டறைக்குட் செல்கின்றது. அதனை ஓட்டவும் திருத்தவும் அறிந்தோர் அருகுகின்றனர். பழைய பொருளின் பகைவருள் துருவும் விபத்தும் மட்டுமல்ல, முதலீட்டாளரும் அடங்குவர். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தம் கையாலேயே திருத்திய எம்.ஜி. மிட்ஜெற்றைத் தடத்துக்குக் கொண்டுவரும் பாடசாலை ஆசிரியர் ஒருவர், பெட்டகத்திற் பூட்டிவைத்த புகாட்டியின் உரிமையாளரிலும் சிறந்த காப்பாளர் என்றே இவ்வாராய்ச்சியின்படி கொள்ளல் வேண்டும்.

எனினும் காப்பாளர் தரப்பின் வாதம் முற்றாக வீழ்ந்துவிடவில்லை. தன் வகையில் ஒன்றே எஞ்சியதும், தொழிற்சாலையை விட்டகன்ற நாளின் நிலையிலேயே இருப்பதுமான கார் ஒரு மூலப்பிரதி போன்றது. மற்றைய கார்களைத் திருத்துவோர் ஐயமெழும்போது ஒப்புநோக்க அதுவே உரைகல். அதனை ஓட்டித் தேய்ப்பது மற்றையவற்றின் பராமரிப்பையும் நலிவுறச் செய்யும். ஆதலின் அத்தகையது நூதனசாலையில் நிற்பதே முறை. ஆனால் அது நிற்பதற்கான நியாயமும், ஓடுவனவற்றுக்கு அது புரியும் தொண்டிலிருந்தே பிறக்கின்றது என்பது கவனிக்கத்தக்கது. ஓடும் கார் ஒன்றுமே உலகில் இல்லாதொழியின், நிற்கும் காரின் நுட்பங்களை வாசிக்க அறிந்தோரும் இல்லாதொழிவர்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாதெனின், பொருளுக்கு நாம் செலுத்தும் கடன் உண்மையில் மனிதர்க்குச் செலுத்தும் கடனேயாகும். இரும்புக்கு உரிமையும் இல்லை, வேதனையும் இல்லை. ஆனால் அவ்விரும்பை வார்த்தவர் ஒருவர் இருந்தார். இனி அதனை இயக்கப்போகின்றவர் ஒருவர் பிறக்கவுள்ளார். இருவருக்கும் இடையில் நிற்பவர் நாம். முன்னவர் அறிந்ததைப் பின்னவர் அறியுமாறு கையளிப்பதே நம்மேல் விழுந்த பொறுப்பு. உறுப்பு மாறாது வைத்திருந்தும் அறிவைக் கையளிக்கத் தவறுபவர் அக்கடனைச் செலுத்தாதவர்; உறுப்புகள் பல மாறியும் அறிவைக் கையளிப்பவர் செலுத்தியவர்.

ஆகவே பழைய கார் ஒன்றின் உரிமையாளரை நோக்கி நாம் கேட்கவேண்டியது, இதில் எத்தனை உறுப்பு ஆதியிலிருந்தே உள்ளது என்பதன்று. இதனை ஓட்டவும் திருத்தவும் நீர் எவரிடம் கற்றீர், எவருக்குக் கற்பித்துக்கொண்டிருக்கின்றீர் என்றே கேட்டல் வேண்டும். இரண்டாவது வினாவுக்கு விடையில்லாதவர் எத்துணைச் செல்வராயினும், எத்துணைத் தூய பொருளை வைத்திருப்பவராயினும், அவரோடு அப்பொருளின் வாழ்வு முடிந்துவிடுகின்றது.